கோழிகளைக் கூப்பிடும் டப்பா

எங்கள் பின்வாசல் நிலையில் ஒரு சிகரெட் டப்பா தொங்குகிறது. வட்டமான தகர டப்பா. மூடியை ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறேன். உள்ளே ஒரு பிடி நெல்லும் சில பொடிக் கற்களும் கிடக்கின்றன. குலுக்கினால் வரும் சத்தத்துக்கு எங்கள் வீட்டுக் கோழிகளும் வாத்துகளும் எங்கே மேய்ந்துகொண்டிருந்தாலும் ஓடி வரும். நான் அதைச் செய்தபோது எனக்கு மீசை சரியாகக் கறுத்திருக்கவில்லை. இப்போது மீசையில் கறுப்பைத் தேட வேண்டியிருக்கிறது.

வீட்டில் இப்போது நான் மட்டும்தான். மாமனாருக்கு உடம்பு முடியவில்லை என்று என் மனைவி மகளையும் அழைத்துக்கொண்டு ஊருக்குக் கப்பலேறிப் போயிருக்கிறாள். மாலையில் வேலை முடிந்து வந்து, பின்வாசல் படியில் உட்கார்ந்து அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் முதன்முறை போனபோது நடந்ததெல்லாம் அப்போது நினைவுக்கு வருகிறது.

நான் கடல் தாண்டி வந்து பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கிடங்கில் வேலை செய்பவன். கேட்டதை எடுத்துக்கொடுப்பது, வந்ததை அடுக்குவது, இதுதான் வேலை. அதிகம் பேசத் தேவையில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. கல்யாணம் முடிந்து அவளை அழைத்துவந்தபோது ரயில்வே ஆட்கள் குடியிருக்கும் லைனில் கடைசி வீட்டைக் கொடுத்தார்கள். வீட்டின் பின்னால் கொஞ்சம் மண்தரை, அதற்கப்பால் பெரிய கால்வாய், கால்வாய்க்கப்பால் கூட்ஸ் வண்டிகள் நிற்கும் தண்டவாளங்கள். அவளும் அதிகம் பேசாதவள். முதல் சில மாதம் சோறு போடட்டுமா, போதும் என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சே இல்லை.

ஒருநாள் ஆற்றோரம் கீரைத் தோட்டம் போட்டிருந்த சீனரிடமிருந்து இரண்டு பெட்டைக் கோழிகளை வாங்கி வந்தாள். அன்று இரவு சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, உங்க கிடங்குல ஒடைஞ்ச தகரம் கிகரம் தூக்கிப் போடுவாங்களா?"

"எதுக்கு?"

"முட்டைபோட எடம் வேணும்ல, அதுங்களுக்கு."

மறுநாள் வேண்டாமென்று கழித்துப் போட்டிருந்த மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். ஒரு பக்கத்தை வெட்டி, கூரான ஓரத்தை மடித்துத் தட்டி, செங்கல்மேல் படுக்கவைத்தேன். அவள் வைக்கோல் பரப்பி, அதன் அடியில் புகையிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டாள். பேன் அண்டாதாம். அதன்பிறகு அவள் ஒவ்வொன்றாகக் கேட்பதும் நான் கொண்டுவருவதும் வழக்கமாயிற்று. எஞ்சின் கொட்டகையிலிருந்து நிலக்கரிச் சாம்பல் கேட்டாள். குழி வெட்டிக் கொட்டினேன். கோழிகள் அதில் புரண்டு புரண்டு குளித்தன. பழஞ்சேலையின் பச்சைக் கரையைக் கிழித்து ஒவ்வொன்றின் காலிலும் கட்டினாள். லைன் முழுக்கக் கோழி வளர்த்ததால் எது யாருடையது என்று தினமும் சண்டை. பச்சைக் கரை கட்டியது எங்களுடையது.

அவள் கேட்காமலே நான் செய்தது ஒன்று உண்டு. குஞ்சுகள் தண்ணீர்த் தட்டில் ஏறி நனைந்து விறைத்துச் சாவதைப் பார்த்தேன். ஒரு பால் டப்பாவின் வாயோரத்தில் ஆணியால் ஓட்டை போட்டு, தண்ணீரை நிரப்பி, தட்டால் மூடி அப்படியே கவிழ்த்து வைத்தேன். தட்டில் தண்ணீர் ஓட்டை மட்டம் வந்ததும் நின்றுவிடும். குஞ்சு குடிக்கக் குடிக்க டப்பாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அவள் அதன்முன் குந்தி வெகுநேரம் பார்த்தாள்.

"தண்ணி தானா வருது பாருங்க," என்றாள். செய்தவனிடமே அதைச் சொன்னாள். அந்த முகத்தை நான் பிறகு பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வாத்துகள் வந்தன. வாத்தைக் காலையில் சீக்கிரம் திறந்துவிடக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அது விடியற்காலையில் முட்டை போடும். திறந்துவிட்டால் கால்வாயில் போட்டுவிட்டு வந்துவிடும். வெயில் கூரையில் ஏறிய பிறகுதான் கூட்டைத் திறப்பாள். மாலையில் கால்வாய்க் கரையில் நின்று, "பக்பக்பக், பா…" என்று கடைசியில் ஒரு இழுப்பு இழுப்பாள். பேசும்போது பக்கத்து அறைக்குக் கேட்காத அவள் குரல் அப்போது தண்டவாளம் தாண்டிப் போகும். கோழியும் வாத்தும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்து கூட்டில் அடையும்.

தலைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று அவள் அப்பா எழுதினார். சுவெட்டன்ஹாம் துறைமுகம்வரை நான் ரயிலில் கூடப் போனேன். கிள்ளான் ஸ்டேஷன் வரும்வரை வழியெல்லாம் கோழிப் பேச்சுதான். அடைக்கு உட்காரக்கூடாத நேரத்தில் உட்கார்ந்தால் மூக்கில் இறகைச் செருகிவிட வேண்டும், அடை கலைந்துவிடும். முட்டை நல்லதா என்று தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும், மிதந்தால் ஆகாது. அடைவைத்த கூடையில் இரும்பும் கரித்துண்டும் போட வேண்டும், இல்லையென்றால் இடி இடித்து முட்டை கூழாகிவிடும். பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தலையாட்டினேன்.

"சாயங்காலம் கூப்பிடணும். கூப்பிடலன்னா அடைய வராதுங்க. எங்க, ஒரு தடவை கூப்பிடுங்க பாப்போம்."

"இங்கேயா?"

"மெதுவாத்தான்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

கப்பலுக்குப் படகில் ஏறுமுன் திரும்பி, "எதையும் வித்துறாதீங்க. நான் வந்து பாத்துக்குவேன்," என்றாள். நான் பிடித்துக்கொண்டது அந்த வார்த்தையைத்தான். கோழிகள் இருந்தால் அவள் வருவாள். அன்று என் கணக்கு அவ்வளவுதான்.

அன்று மாலை கால்வாய்க் கரையில் நின்றேன். லைன் ஆண்கள் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. இருட்டிய பிறகு ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடித்து அடைத்தேன். மறுநாள் செய்ததுதான் இந்த டப்பா. குலுக்கிவிட்டு நொய் போட்டேன். சில நாளிலேயே பழகிக்கொண்டன.

பக்கத்து வீட்டு அக்கா, சிக்னல் விளக்கு ஏற்றுபவரின் மனைவி, வேலிமேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். "என்னா தம்பி, குடுகுடுப்பைக்காரன் மாதிரி? வாய்ல கொழுக்கட்டையா?" என்பார். நான் சிரித்து மழுப்புவேன்.

டப்பாவால் ஒரு வம்பும் வந்தது. கடலை விற்பவர் ஒருவர் தகரக் குவளையில் கடலையைக் குலுக்கிக்கொண்டே தெருவில் போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போனபோது கூட்டிலிருந்த அத்தனை வாத்தும் வரிசையாக அவர் பின்னால் போய்விட்டன. அவர் திரும்பிப் பார்த்து, குவளையை இறுக்கிக்கொண்டு நடையை எட்டிப் போட, வாத்துகளும் எட்டிப் போட்டன. கூப்பிடத் தெரிந்திருந்தால் வாசலில் நின்றே கூப்பிட்டிருப்பேன். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு பாலம்வரை ஓடினேன். திரும்பி வரும்போது நான் முன்னால் குலுக்கிக்கொண்டு, வாத்துகள் என் பின்னால். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

குழந்தை பிறந்த செய்தி வந்தது. பெண். கடிதத்தை மாமனார்தான் எழுதுவார். அதில் எல்லோரும் சுகம் என்பதற்கு மேல் இருக்காது. அவளுக்கு எழுதத் தெரியாது. நான் எழுதினாலும் அதை அவர்தான் உரக்கப் படிப்பார். அதனால் நாங்கள் ஆள் மூலம்தான் சொல்லி அனுப்பினோம். ஊரிலிருந்து யார் திரும்பி வந்தாலும் ஞாயிறு காலை மரத்தடியில் சவரம் செய்யும் அண்ணனிடம்தான் வருவார்கள். எல்லோர் முன்னாலும் எனக்கான செய்தி சொல்லப்படும்.

"தம்பி, ஒங்க வீட்டுல சொல்லச் சொன்னாங்க. சாம்பக்குழியில மழத்தண்ணி நிக்கவிடக்கூடாதாம். கறுப்பிக் கோழிக்கு இன்னும் தொண்டை கட்டுதான்னு கேட்டாங்க."

"இல்லைன்னு சொல்லுங்க."

"கொழந்தை ஒன்ன மாதிரி இருக்குப்பா. அது நான் பாத்தது, அவங்க சொல்லல."

போகிறவர்களிடம் நானும், கோழி நன்றாக இருக்கிறது, வாத்து முட்டை போடுகிறது என்று சொல்லி அனுப்புவேன். வேறு என்ன சொல்லுவது? சவரக்காரரின் கத்தி நிற்கும். வரிசையில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அத்தனை காதுகளுக்கு நடுவே அவளிடம் சொல்ல நினைத்தது தொண்டையிலேயே தங்கிவிடும்.

குழந்தைக்கு முடியிறக்கி அனுப்புகிறோம் என்றார்கள். இறக்கினார்கள். காதுகுத்தி அனுப்புகிறோம் என்றார்கள். அதுவும் முடிந்தது. அப்புறம் ஒருவர் வந்து மரத்தடியில் சொன்னார், மாமனார் சொன்னதாக. "பச்சப்புள்ளைய வச்சிக்கிட்டு கடல் தாண்ட வேணாமாம். ஒன்னை அங்க வரச் சொல்றாரு. நெலம் இருக்காம். வெள்ளைக்காரன் இரும்ப எதுக்குத் தூக்கணும்னு கேக்கறாரு."

"அவ என்ன சொன்னா?"

"அவங்க அப்பாவுக்குப் பின்னால நின்னாங்க. ஒண்ணும் சொல்லல."

அந்த வருஷ மழைக்காலத்தில் லைன் முழுக்கக் கோழிச் சீக்கு வந்தது. வெள்ளையாகக் கழிந்தன, கழுத்தைத் தொங்கப் போட்டன, விழுந்தன. மிளகும் மஞ்சளும் அரைத்து உருட்டி ஊட்டினேன். கறுப்பி என் மடியிலேயே போயிற்று. பச்சைக் கரை கட்டிய கோழி ஒன்றுகூட மிஞ்சவில்லை. பப்பாளி மரத்தடியில் சாம்பல் போட்டுப் புதைத்தேன். வாத்துகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

அக்கா வீட்டுக் கோழிகளும் போய்விட்டன. வேலியில் சாய்ந்துகொண்டு, "அதுங்களையாச்சும் பாசார்ல போட்டுட்டு வந்துரு தம்பி. வர்ற காசுல ஊருக்குப் போயி புள்ளையப் பாரு," என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

நான் விற்கவில்லை. வாத்து முட்டைகளைச் சேர்த்துவைத்தேன். கூடு நிறைய வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஆனால் எங்கள் வாத்துகள் முட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத ஜாதி. அடைக்குக் கோழிதான் வேண்டும். லைனில் கோழியே இல்லை. கிள்ளான் ஸ்டேஷனில் வேலை செய்த கூட்டாளி ஒருவர் வீட்டில் ஒரு பெட்டை அடைக்குக் கிடக்கிறது என்று தெரிந்தது. அடைக்கோழியை இடம் மாற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். பொழுது சாய்ந்தபிறகு, அடியில் வழுவழுப்பான கற்களை முட்டைபோல வைத்து, கூடையோடு சாக்கால் மூடித் தூக்க வேண்டும். இருட்டாக இருந்தால் தான் நகர்ந்ததே அதற்குத் தெரியாது. இதுவும் அவள் ரயிலில் சொன்னதுதான்.

அப்படியே மூன்றாம் வகுப்பில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிரே இருந்த அம்மாள் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள என்னாங்க?"

"ஒண்ணுமில்ல."

கோழி கொர்ரென்றது.

"ஒண்ணுமில்லாததுக்கு இவ்வளவு கோவம் வருதே," என்றார். பெட்டியே சிரித்தது. நான் கூடையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, விளக்கில்லாமல் தடவித் தடவிக் கற்களை எடுத்துவிட்டு வாத்து முட்டைகளை வைத்தேன். கோழி எழவில்லை. எங்கள் ஊரில் இடி எப்போதாவது இடிக்கும். இந்த ஊரில் மத்தியானம் ஆனால் இடிதான். சின்ன ஆணி போதாது என்று பட்டது. கிடங்கில் வளைந்துபோய்க் கழித்த தண்டவாள ஆணி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து கூடைக்குள் வைத்தேன். ஒரு சாண் நீளம்கூட இல்லை, ஆனால் நல்ல கனம்.

அக்கா எட்டிப் பார்த்தார். "ஒரு சின்ன ஆணி போதாதா தம்பி? எஞ்சினையும் கொண்டாந்து நிறுத்திடேன்."

வாத்துக் குஞ்சு வெளிவரக் கோழிக் குஞ்சைவிட ஒரு வாரம் கூடப் பிடிக்கும். கோழி பொறுமை இழந்து எழுந்துவிட்டால் எல்லாம் போயிற்று. கடைசியில் வெதுவெதுப்பான தண்ணீரை விரலால் தெளிக்க வேண்டும், ஓடு காயாமல் இருக்க. தினமும் வேலைக்குப் போகுமுன் தெளித்தேன். கிடங்கில் இருக்கும்போது இடி இடித்தால் கை நின்றுவிடும்.

அந்த நாட்களில்தான் லைனில் ஒரு போர்ட்டர் லீவில் ஊருக்குக் கிளம்பினார். மரத்தடியில் என்னைக் கேட்டார். "ஒங்க மாமனார் ஊர் வழியாத்தான் போறேன். என்னா சொல்லணும்?"

கோழி நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. எல்லாம் செத்துவிட்டது என்றும் சொல்ல மனம் வரவில்லை. செத்துவிட்டது என்றால் வந்து பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? முகத்தில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"கோழிக்குச் சீக்கு வந்துருச்சு. வாத்து இருக்கு. புதுசா அடை வச்சிருக்கு," என்றேன். அப்புறம், "நான் கூப்பிட்டா வரமாட்டேங்குதுங்கன்னு சொல்லுங்க," என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

குஞ்சுகள் வந்தன. எல்லா முட்டையும் பொரிக்கவில்லை, ஆனால் பாதிக்குமேல் பொரித்தது. சில நாளிலேயே கால்வாயில் இறங்கிவிட்டன. கிள்ளான் கோழி கரையில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டு கத்தியது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் உள்ளே வந்துவிட்டேன்.

குஞ்சுகளுக்கு இறகு முளைத்து, பெரியதாகி, கிள்ளான் கோழியைத் திருப்பிக் கொடுத்து, அதற்குப் பதிலாக இரண்டு விடலைக் கோழிகளும் வாங்கிவந்த பிறகு, ஒருநாள் மாமனாரின் கடிதம் வந்தது. கப்பல் பெயரும் புறப்படும் நாளும் மட்டும் இருந்தன.

துறைமுகத்து முகாமில் நோய் உண்டா என்று பார்க்கச் சில நாள் வைத்திருந்துதான் வெளியே விட்டார்கள். இடுப்பில் குழந்தையோடு வந்தாள். குழந்தை என்னைப் பார்த்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக்கூடத் திறக்காமல் நேரே பின்வாசலுக்குப் போனாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"பக்பக்பக், பா…"

அந்த இழுப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. வாத்துகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. பிறகு சேற்றைக் கிளற ஆரம்பித்தன. அவள் மறுபடி கூப்பிட்டாள். ஒன்றும் வரவில்லை. அவள் முகம் சுருங்கிவிட்டது. நான் டப்பாவை எடுத்துக் குலுக்கினேன். அத்தனையும் ஓடி வந்தன.

அவள் டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கூப்பிட்டா வரமாட்டேங்குதுங்கன்னு சொல்லி அனுப்பினீங்களே. ஒருநாளாச்சும் கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

வேலியிலிருந்து அக்கா குரல் வந்தது. "தம்பி கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல தங்கச்சி. எல்லாம் டப்பாதான்."

அவள் சிரிக்கத் தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டாள். குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, குனிந்து வாத்துகளைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "அதைத்தான் நான் அப்பாகிட்ட சொன்னேன். பொழுது சாஞ்சா அதுங்க யாருகிட்ட போகும்னு கேட்டேன். மறுநாள் அப்பா டிக்கெட் எடுக்கப் போனாரு."

அதன்பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன. சில மாதத்திலேயே வாத்துகள் அவள் குரலுக்குப் பழகிவிட்டன. டப்பாவை எறிந்துவிடுங்கள் என்று அவள் சொன்னதில்லை. ஆணியில் தொங்கவிட்டு, தூசு தட்டி வைத்தாள். பால் டப்பாவைக் கவிழ்த்து வைக்கும்போது இன்றைக்கும், "தண்ணி தானா வருது பாருங்க," என்பாள், எங்கள் மகளிடம்.

இந்தமுறை போகும்போது அவள் ஒன்றும் சொல்லித்தரவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பாள். மாமனாருக்கு இப்போது எழுந்து நடமாட்டம் இல்லையாம். பேச்சும் சரியாக வரவில்லையாம். அம்மா எப்போது கிளம்ப முடியும் என்று தெரியவில்லை என்று மகள் எழுதியிருக்கிறாள். அவளை வா என்று கூப்பிட எனக்கு வாய் வருமா? அங்கே படுத்திருப்பவர் அவளைப் பெற்றவர். ஒருகாலத்தில் என் தொண்டையை அடைத்தது கூச்சம். இன்று அது மட்டுமில்லை.

அவள் போன முதல் மாலை டப்பாவை ஆணியிலிருந்து எடுத்தேன். குலுக்கவில்லை. திரும்ப மாட்டிவிட்டுக் கால்வாய்க் கரைக்குப் போனேன். இரண்டு தடவை தொண்டையைச் செருமினேன். பிறகு கூப்பிட்டேன். அவள் குரல்போல இழுக்க எனக்கு வரவில்லை. கரகரவென்றுதான் வந்தது. லைனில் இப்போது புது ஆட்கள். யாரோ திரும்பிப் பார்த்தார்கள். வாத்துகள் வந்தன, கொஞ்சம் யோசித்துவிட்டு. இப்போது தினமும் கூப்பிடுகிறேன்.

போன ஞாயிறு மரத்தடியில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தேன். பழைய சவரக்காரரின் மகன்தான் இப்போது கத்தி பிடிக்கிறார். இந்த வாரக் கப்பலுக்குப் போகிற கூட்ஸ் கிளார்க் ஒருவர் வந்தார்.

"அண்ணே, ஒங்க வீட்டுக்கு எதாச்சும் சொல்லணுமா?"

கத்தி கன்னத்தில் நின்றது. வரிசையில் பேச்சு நின்றது.

"மாமனாருக்கு எப்படியிருக்குன்னு நான் கேட்டேன்னு சொல்லுங்க. இருந்து நல்லாப் பாத்துக்கச் சொல்லுங்க," என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். நாலு அடி போயிருப்பார்.

"தம்பி," என்று கூப்பிட்டேன். மரத்தடியில் எல்லோருக்கும் கேட்கும்படிதான் கூப்பிட்டேன். "கோழி, வாத்து எல்லாம் நான் கூப்பிட்டா இப்ப வருதுன்னு சொல்லுங்க. அதுங்களைப் பத்திக் கவலைப்பட வேணாம். எனக்குத்தான் அவ இல்லாம முடியல. அங்க வேலை முடிஞ்சதும் வரச் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. சவரக்காரர் மட்டும், "தலைய ஆட்டாதீங்கண்ணே, வெட்டிடும்," என்றார்.